மைக்ரோடிக் ரூட்டரில் ஐபி ஃபில்டர் விதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன அலுவலகம், தங்கும் விடுதி, பள்ளிக்கூடம் என்று ஒரே இணைப்பைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் சுவர் மூலையில் மைக்ரோடிக் ரூட்டர் ஒன்று கண் சிமிட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். லாட்வியா நாட்டின் ரீகா நகரில் 1996-இல் தொடங்கிய நிறுவனம் அது. விலை கம்மி, வசதிகள் ஏராளம். ஆனால் பெட்டியைத் திறந்ததும் எதிரில் நிற்கும் மெனுக்காடு புதியவர்களை மிரட்டிவிடும். அதிலும், எதை விடுவது எதைத் தடுப்பது என்று முடிவு செய்யும் ஃபயர்வால் பக்கம் போனவர்கள் பலர், எங்கிருந்தோ எடுத்த ஐம்பது விதிகளை ஒட்டிவிட்டு, எது எதற்கு என்று தெரியாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

மைக்ரோடிக் ரூட்டரில் ஓடும் மென்பொருளான ரூட்டர்ஓஎஸ் 7-ஐ வைத்துத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலானவை 6-க்கும் பொருந்தும். மெனு பெயர்களை, ரூட்டரை அமைக்கப் பயன்படும் வின்பாக்ஸ் செயலியில் இருக்கிற அதே ஒலியில் தமிழில் எழுதியிருக்கிறேன்.

ஃபில்டர் விதி என்பது என்ன? அதை எங்கே எழுதுவது?

ஐபி மெனுவுக்குள் ஃபயர்வால், அதில் முதல் டேப் ஃபில்டர் ரூல்ஸ். ஒவ்வொரு விதிக்கும் இரண்டு பாதி. முதல் பாதி நிபந்தனை: இன்ன முகவரியிலிருந்து, இன்ன போர்ட்டுக்கு (ஒரு சேவையின் கதவு எண்), இன்ன இன்டர்ஃபேஸ் (ரூட்டரின் வாசல்) வழியாக வரும் பாக்கெட், அதாவது தகவல் துண்டு. இரண்டாம் பாதி நடவடிக்கை: விடு, தூக்கிப் போடு, பதிவு செய்.

ரூட்டர் விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும். 'அக்செப்ட்' அல்லது 'டிராப்' செய்யச் சொல்லும் ஒரு விதி பொருந்திவிட்டால் அந்தப் பாக்கெட்டின் கதை அங்கேயே முடிந்தது. கீழே என்ன எழுதியிருந்தாலும் அதற்குப் பொருட்டில்லை. 'லாக்', 'பாஸ்த்ரூ', முகவரியைப் பட்டியலில் சேர்ப்பது ஆகிய சில நடவடிக்கைகள் மட்டும் தங்கள் வேலையைச் செய்துவிட்டு அடுத்த விதிக்கு வழி விடும்.

கடைசி வரை எதுவுமே பொருந்தவில்லை என்றால்? மைக்ரோடிக்கில் பாக்கெட் உள்ளே போய்விடும். சிஸ்கோ படித்துவிட்டு இங்கே வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். சிஸ்கோவின் அக்சஸ் லிஸ்டில் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு 'எல்லாவற்றையும் மறு' இருக்கும். இங்கே அதை நீங்கள்தான் கையால் எழுத வேண்டும்.

இன்புட், ஃபார்வர்ட், அவுட்புட்: எந்தச் செயினில் எழுதுவது?

செயின் என்பது பாக்கெட் போகும் திசையைப் பொறுத்த விதித் தொகுப்பு. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல் காவலாளிதான் ரூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காவலாளியையே பார்க்க வருபவர் இன்புட். காவலாளியைத் தாண்டி மூன்றாம் மாடிக்குப் போகிறவரும், மூன்றாம் மாடியிலிருந்து கடைக்குக் கிளம்புகிறவரும் ஃபார்வர்ட். காவலாளி தானே டீ குடிக்க வெளியே போனால் அவுட்புட். அவுட்புட்டைச் சின்ன அமைப்புகளில் தொடவே வேண்டியதில்லை.

நான் பார்த்த பிழைகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான். ஒரு கணினிக்கு இணையத்தை நிறுத்தச் சொன்னால், இன்புட் செயினில் அந்தக் கணினியின் முகவரியைப் போட்டு டிராப் எழுதிவிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், அது வேலை செய்வது மாதிரியே தெரியும்! காரணம், பெரும்பாலான இடங்களில் கணினிகள் டிஎன்எஸ் கேள்விகளை, அதாவது 'இந்தத் தளத்தின் முகவரி என்ன' என்பதை, ரூட்டரிடம்தான் கேட்கின்றன. இன்புட்டை மூடியதும் பெயர்களுக்கு விடை வராது, பிரவுசரில் எதுவும் திறக்காது. ஆனால் ஏற்கெனவே திறந்திருந்த இணைப்புகளும், முகவரியை நேரடியாகக் கூப்பிடும் செயலிகளும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். 'ஒன்று வருகிறது, ஒன்று வரவில்லை' என்று யாராவது சொன்னால் முதலில் செயினைப் பாருங்கள்.

புது ரூட்டரில் ஏற்கெனவே சில விதிகள் இருக்கின்றன. அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதலாமா?

வேண்டாம். அவை நன்றாகவே யோசித்து எழுதப்பட்டவை. வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்குமான மாடல்களில் வரும் அந்த விதிகள் என்ன செய்கின்றன என்று ஒருமுறை படித்துப் பாருங்கள், ஃபயர்வால் பாடம் பாதி முடிந்துவிடும்.

இன்புட்டில்: ஏற்கெனவே நிலைபெற்ற இணைப்பின் பாக்கெட்டுகளையும் அதைச் சார்ந்தவற்றையும் விடு. குழம்பிப்போன 'இன்வேலிட்' பாக்கெட்டுகளை எறி. பிங் வகையறாவான ஐசிஎம்பியை விடு. கடைசியாக, லேன் (உள் வலை) பட்டியலில் இல்லாத இன்டர்ஃபேஸிலிருந்து வரும் மற்ற எல்லாவற்றையும் எறி.

ஃபார்வர்டில்: இணையத்தின் ஊடே மறையாக்கத்தோடு போகும் தனிப்பாதையான விபிஎன் வகைகளில் ஒன்று ஐபிசெக்; அதன் போக்குவரத்தை விடு. நிலைபெற்ற இணைப்புகளை ஃபாஸ்ட்டிராக் என்ற குறுக்குவழியில் ஏற்று. அதில் ஏறாத பாக்கெட்டுகளுக்காக அதே நிபந்தனையோடு ஓர் அக்செப்ட். இன்வேலிட்டை எறி. வெளியிலிருந்து புதிதாக வரும் இணைப்பு, நீங்கள் போர்ட் ஃபார்வர்ட் செய்து (உள்ளே இருக்கும் ஒரு கருவிக்குத் திருப்பி) வைத்ததாக இல்லாவிட்டால் எறி.

அவ்வளவுதான். 'நிலைபெற்றதை விடு' என்பது ஏன் முதலில் இருக்கிறது தெரியுமா? ஓடும் பாக்கெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை அந்த வகை. முதல் வரியிலேயே அவற்றை அனுப்பிவிட்டால் பிராசஸருக்கு வேலை மிச்சம்.

ஒரு எச்சரிக்கை: சிசிஆர் வகைப் பெரிய ரூட்டர்களில் இந்த ஃபயர்வால் விதிகள் எதுவும் வராது. ஒரு முகவரி மட்டும் போட்டுக் கொடுப்பார்கள், மீதி உங்கள் பாடு. விதிகள் இருக்கும் என்று நம்பி நேராக இணையத்தில் செருகிவிடாதீர்கள்.

விதிகள் எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் வெளியிலிருந்து ரூட்டரின் லாகின் பக்கம் திறக்கிறதே?

உங்கள் ஃபைபர் இணைப்பு பிபிபிஓஇ மூலம் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து வருகிறதா? அப்படியானால் இணையம் உண்மையில் வருவது ஈதர்1 வழியாக அல்ல. அதன்மேல் உருவாகும் பிபிபிஓஇ இன்டர்ஃபேஸ் வழியாக. கேபிள் ஈதர்1-இல் செருகியிருப்பதால் எல்லோரும் விதியில் ஈதர்1 என்றே போட்டுவிடுகிறார்கள். அந்த விதியின் கவுன்ட்டர் பூஜ்யத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

இன்டர்ஃபேஸஸ் மெனுவில் இன்டர்ஃபேஸ் லிஸ்ட் என்ற டேப்பில் வேன் (இணையப் பக்கம்) பட்டியலுக்குள் பிபிபிஓஇ இன்டர்ஃபேஸைச் சேருங்கள். லேன் பட்டியலில் அது தவறிப்போய் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். விதிகளில் இன்டர்ஃபேஸ் பெயரை நேரடியாக எழுதாமல் பட்டியலை எழுதினால், நாளைக்கு இரண்டாவது இணைப்பு வாங்கும்போது பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

விதி எழுதும்போது நானே வெளியே மாட்டிக்கொண்டால்?

மாட்டிக்கொள்வீர்கள். எல்லோரும் ஒருமுறையாவது மாட்டியிருக்கிறோம்.

அதற்குத்தான் சேஃப் மோட். வின்பாக்ஸில் இடது மேல் மூலையில் பொத்தான் இருக்கிறது, டெர்மினலில் கன்ட்ரோல்-எக்ஸ். அதை அழுத்திவிட்டு வேலை செய்யும்போது இணைப்பு அறுந்துபோனால், டிசிபி டைம்அவுட் ஆனதும், அதாவது சுமார் 9 நிமிடத்தில், நீங்கள் செய்த மாற்றங்களை ரூட்டர் தானே திரும்பப் பெற்றுக்கொள்ளும். வேலை முடிந்ததும் மறுபடி அழுத்தி வெளியே வர வேண்டும். அதன் நினைவில் 100 மாற்றங்கள்தான் நிற்கும். அதற்கு மேல் போனால் சேஃப் மோட் தானாகவே விலகிவிடும், எதுவும் திரும்பாது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

சேஃப் மோட் போட்டும் நான் ஒருமுறை மாட்டினேன். சில ஆண்டுகளுக்கு முன், எண்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு கிளை அலுவலக ரூட்டர். இன்புட்டின் கடைசியில் டிராப் எழுதினேன். என் வின்பாக்ஸ் அறுபடவில்லை. ஆகா, எல்லாம் சரி என்று சேஃப் மோடை விட்டு வெளியே வந்து வின்பாக்ஸையும் மூடிவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் உள்ளே நுழைய முடியவில்லை. என்ன நடந்தது என்றால், என் பழைய இணைப்பு 'நிலைபெற்றது' என்ற கணக்கில் முதல் விதியிலேயே தப்பித்துக்கொண்டிருந்தது. புது இணைப்புக்கு மட்டும் கதவு சாத்தியிருந்தது. விடிந்ததும் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன்.

அதனால் சேஃப் மோடிலிருந்து வெளியேறும் முன், இன்னொரு வின்பாக்ஸ் ஜன்னலைப் புதிதாகத் திறந்து உள்ளே வர முடிகிறதா என்று பாருங்கள். அது திறந்தால்தான் வேலை முடிந்தது.

ரூட்டர் பக்கத்திலேயே இருந்தால் இவ்வளவு பதற்றம் வேண்டாம். வின்பாக்ஸில் ஐபி முகவரிக்குப் பதிலாக மேக் முகவரியை, அதாவது கருவியின் வன்பொருள் முகவரியைச் சொடுக்கி நுழையலாம். அந்த வழி ஐபி ஃபில்டருக்குக் கீழே ஓடுவதால் உங்கள் டிராப் விதி அதைத் தொடாது. கிளை அலுவலகத்தில் நான் செய்ததும் அதைத்தான்.

புதிதாக எழுதிய விதி வேலையே செய்யவில்லை. ஏன்?

முதலில் விதிக்குப் பக்கத்தில் இருக்கும் பைட்ஸ், பாக்கெட்ஸ் எண்களைப் பாருங்கள். ஊகிப்பதைவிட எண்ணைப் பார்ப்பது எப்போதுமே வேகம்.

பூஜ்யமாக இருந்தால் பாக்கெட் அந்த விதி வரை வரவேயில்லை, அல்லது நிபந்தனை பொருந்தவில்லை. புது விதி எப்போதும் பட்டியலின் அடியில் போய் உட்காரும். அதற்கு மேலே 'எல்லாவற்றையும் எறி' இருந்தால் இது கடைசிவரை சும்மாதான் இருக்கும். எலியால் பிடித்து மேலே இழுத்து வையுங்கள். நிபந்தனையில் சந்தேகம் இருந்தால், அதே நிபந்தனையோடு 'பாஸ்த்ரூ' விதி ஒன்றை உச்சியில் வைத்து எண் ஏறுகிறதா என்று பாருங்கள். அது எதையும் தடுக்காது, எண்ணும், அவ்வளவுதான்.

எண் ஏறுகிறது, ஆனால் பழைய இணைப்பு இன்னும் ஓடுகிறது என்றால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

ஒரே ஒரு கணினிக்கு மட்டும் இணையத்தை நிறுத்துவது எப்படி?

முதலில், கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரில் லீஸஸ் டேப்பில் அந்தக் கணினியை 'மேக் ஸ்டாட்டிக்' (Make Static) செய்து முகவரியை நிலையாக்குங்கள். 192.168.88.50 என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஃபார்வர்ட் செயினில், சோர்ஸ் முகவரி 192.168.88.50, அவுட் இன்டர்ஃபேஸ் லிஸ்ட் வேன், நடவடிக்கை டிராப். இப்படி எழுதினால் உள்ளே இருக்கும் பிற வலையமைப்புகளுக்குப் போகும் வழி திறந்தே இருக்கும், இணையம் மட்டும் அடைபடும்.

ஆனால் அவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் வீடியோ நிற்காது. அந்த இணைப்பு ஃபாஸ்ட்டிராக்கில் ஏறிவிட்டது, அதன் பாக்கெட்டுகள் ஃபில்டர் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. கனெக்ஷன்ஸ் டேப்பில் அந்த முகவரியைத் தேடி, இருக்கும் வரிகளை அழித்துவிடுங்கள். தானாகப் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நிலைபெற்ற டிசிபி இணைப்பு சும்மா கிடந்தாலும் அதை ஒரு முழு நாள் நினைவில் வைத்திருப்பது ரூட்டர்ஓஎஸ்ஸின் வழக்கம்.

கைபேசி என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. இப்போதைய ஆண்ட்ராய்டும் ஐபோனும் வைஃபையில் மேக் முகவரியை மாற்றிக் காட்டும். நீங்கள் நிலையாக்கிய முகவரி நாளைக்கு அதற்கே வரும் என்று சொல்ல முடியாது.

ஃபாஸ்ட்டிராக் இவ்வளவு தொல்லை என்றால் அணைத்துவிடலாமா?

சின்ன ரூட்டரில் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் இணைப்பு இருந்தால் அவசரப்பட வேண்டாம். 2015-இல் 6.29 பதிப்பில் இது வந்தபோது, அதே பெட்டியில் வேகம் பல மடங்கு கூடியதைப் பலர் கண்ணால் பார்த்தார்கள். ஆளுக்கு இவ்வளவு வேகம் என்று சிம்பிள் கியூவில் பங்கிட்டிருந்தால் மட்டும், ஃபாஸ்ட்டிராக்கும் அதுவும் சேர்ந்து ஓடாது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

யூடியூப், ஃபேஸ்புக்கை ஐபி விதியால் தடுக்க முடியுமா?

முயற்சி செய்யலாம். அட்ரஸ் லிஸ்டில் தளத்தின் பெயரையே எழுதினால் ரூட்டர் அதற்கான முகவரிகளைத் தானே தேடிப் பட்டியலில் சேர்க்கும். ஆனால் ரூட்டருக்குக் கிடைக்கும் முகவரியும் கணினிக்குக் கிடைக்கும் முகவரியும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. துணைப் பெயர்கள் தனி. அதே முகவரியில் நீங்கள் தடுக்க நினைக்காத வேறு சேவைகளும் குடியிருக்கும். யூடியூபை அடைத்தவர்கள் கூகுளின் வேறு எதையாவது சேர்த்து அடைத்துவிட்டு விழிப்பது வழக்கமான காட்சி.

டிஎல்எஸ் ஹோஸ்ட் என்ற நிபந்தனையால் பெயரைப் பார்த்துத் தடுக்கலாம் என்பார்கள். அது டிசிபி வழியில் போவதற்குத்தான். யூடிபி என்ற வேறு வழியில், 443 போர்ட்டில் ஓடும் குவிக் என்ற வலை நெறிமுறையை அது பார்க்காது. இந்த வேலைக்கு ஐபி ஃபில்டர் சரியான கருவி அல்ல என்பது என் கருத்து. டிஎன்எஸ் அளவில் தடுப்பது ஓரளவு பரவாயில்லை, அதையும் தெரிந்தவர்கள் சுற்றிப் போய்விடுவார்கள்.

கேமரா டிவிஆருக்குப் போர்ட் ஃபார்வர்ட் செய்தேன். ஃபில்டரில் எந்த முகவரியை எழுதுவது?

உள் முகவரியை. வெளியே 8080-இல் வருவதை உள்ளே 192.168.88.20-இன் 80-க்குத் திருப்புகிறீர்கள் என்றால், அந்தத் திருப்பல் ஃபார்வர்ட் செயினுக்கு முன்பே நடந்து முடிந்துவிடும். ஃபில்டர் கண்ணுக்குத் தெரிவது 192.168.88.20-உம் 80-உம்தான். 8080 என்று எழுதிய விதி எதையும் பிடிக்காது. ரூட்டரோடு வந்த விதிகளை அழிக்காமல் வைத்திருந்தால், போர்ட் ஃபார்வர்ட் செய்தவற்றை அவை எப்படியும் விட்டுவிடும். தனி விதியே தேவையில்லை.

இதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் வேன் முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்குகிறதா? அப்படியென்றால் இணைப்பு கொடுத்தவர் பலரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். நீங்கள் என்ன எழுதினாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. தனிப் பொது முகவரி கேளுங்கள்.

டிவிஆரை ஊருக்கே திறந்து வைப்பது எனக்குப் பிடிக்காத வேலை. அதற்குப் பதிலாக வயர்கார்டு விபிஎன் போட்டுவிடுங்கள், ரூட்டர்ஓஎஸ் 7-இல் உள்ளேயே இருக்கிறது.

ஒரே வலையில் இருக்கும் இரண்டு கணினிகள் பேசிக்கொள்வதைத் தடுக்க விதி எழுதினேன், பலனில்லை.

பலன் இருக்காது. இரண்டும் ஒரே சப்நெட்டில் (ஒரே முகவரித் தொகுதியில்) இருந்தால் அவை ஸ்விட்ச் வழியாகவே பேசிக்கொள்ளும். ஐபி ஃபில்டர் வரை பாக்கெட் ஏறி வருவதே இல்லை. பிரிக்க வேண்டும் என்றால் விலேன் (ஒரே கம்பியில் தனித்தனி வலை) போட்டுத் தனி சப்நெட்டாகப் பிரியுங்கள், அப்புறம் ஃபார்வர்டில் 'விருந்தினர் பக்கமிருந்து லேன் பக்கம் டிராப்' என்று ஒரு வரி போதும்.

பிரித்ததும் அடுத்த புகார் வரும்: விருந்தினர் வைஃபையில் இணையம் வரவில்லை என்று. புது விலேன் லேன் பட்டியலில் இல்லாததால் இன்புட்டின் கடைசி விதி அவர்களுடைய டிஎன்எஸ் கேள்விகளை எறிந்துகொண்டிருக்கும். விலேனை லேன் பட்டியலில் சேர்த்து இதைச் சரிசெய்தால் விருந்தினர் எல்லோருக்கும் ரூட்டரின் லாகினும் திறந்துவிடும். அதற்குப் பதில், அந்த விலேனிலிருந்து 53-ஆம் போர்ட்டுக்கு மட்டும், யூடிபிக்கு ஒன்று, டிசிபிக்கு ஒன்று, அக்செப்ட் எழுதி டிராப்புக்கு மேலே வையுங்கள்.

டிராப், ரிஜெக்ட்: எது நல்லது?

வெளியாட்களுக்கு டிராப். உள்ளே இருப்பவர்களுக்கு ரிஜெக்ட். டிராப் செய்தால் கணினி பதிலுக்காகக் காத்துக் காத்துச் சலிக்கும், ரிஜெக்ட் செய்தால் 'முடியாது' என்று உடனே தெரிந்துவிடும்.

பாதுகாப்புக்காக ஐசிஎம்பியை முழுக்க அடைக்கலாமா?

அடைக்காதீர்கள். பிங் மட்டும் ஐசிஎம்பி அல்ல. 'உன் பாக்கெட் இந்தப் பாதைக்குப் பெரிது, சின்னதாக அனுப்பு' என்ற செய்தியும் அதில்தான் வருகிறது. பிபிபிஓஇ இணைப்பில் ஒரு பாக்கெட்டின் அளவு பொதுவாக 1500-இலிருந்து 1492-ஆகக் குறைந்துவிடுவதால் இந்தச் செய்தி அங்கே இன்னும் முக்கியம். அதை அடைத்தால் சில தளங்கள் மட்டும் பாதி திறந்து அப்படியே நிற்கும். ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் போகும்.

வெளியூரிலிருந்து பார்க்க வசதியாக வின்பாக்ஸ் போர்ட்டைத் திறந்து வைக்கலாமா? பாஸ்வேர்டு பலமாகத்தான் இருக்கிறது.

பாஸ்வேர்டின் பலத்தை நம்பியவர்கள் 2018-இல் பட்டார்கள். வின்பாக்ஸின் 8291 போர்ட்டில் இருந்த ஓர் ஓட்டை வழியாக, லாகின் செய்யாமலேயே ரூட்டரிலிருந்த பயனர் விவரக் கோப்பைப் படிக்க முடிந்தது. அந்த ஆண்டு ஏப்ரலிலேயே 6.42.1 பதிப்பில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அப்டேட் செய்யாத ரூட்டர்கள் லட்சக்கணக்கில் கிடந்தன. பல மாதங்கள் கழித்தும் அவற்றுக்குள் புகுந்து, அவற்றின் வழியாகப் போகும் வலைப்பக்கங்களில் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலைச் செருகினார்கள்.

இன்புட்டின் கடைசி டிராப் விதி இருந்த ரூட்டர்களுக்கு இணையத்திலிருந்து அந்த வழியில் எதுவும் ஆகவில்லை. வெளியிலிருந்து வர வேண்டும் என்றால் விபிஎன் வழியாக வாருங்கள். ஐபி மெனுவில் சர்வீசஸ் பக்கம் போய் டெல்நெட், எஃப்டிபி, பயன்படுத்தாத ஏபிஐ எல்லாவற்றையும் அணையுங்கள். வின்பாக்ஸுக்கு 'அவைலபிள் ஃப்ரம்' கட்டத்தில் உள் வலையின் முகவரியை எழுதி வையுங்கள். போர்ட் எண்ணை மாற்றி வைப்பது மட்டும் பூட்டு ஆகாது.

அப்படியே 53-ஐயும் கவனியுங்கள். ரூட்டரை டிஎன்எஸ் சர்வராக வைத்து, வெளியிலிருந்து வரும் 53-ஐ அடைக்காவிட்டால் அது ஊர்பேர் தெரியாத யாருக்கோ எதிரான தாக்குதலில் பங்கெடுத்துக்கொண்டிருக்கும். காரணமே இல்லாமல் அப்லோடு ஏறி நிற்பதுதான் அடையாளம்.

ஐபிவி6-க்கும் இதே விதிகள் பொருந்துமா?

இல்லை, இதைத்தான் பலர் மறக்கிறார்கள். ஐபிவி6 மெனுவில் ஃபயர்வால் தனியாக இருக்கிறது. ஐபிவி4-இல் எழுதிய எதுவும் அங்கே செல்லாது. ஐபிவி6-இல், உள் முகவரிகளை ஒரு பொது முகவரிக்குப் பின்னால் மறைக்கும் நேட் என்ற திரையும் வழக்கமாக இருக்காது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பிரின்டருக்கும் உலகத்திலிருந்து நேராகக் கூப்பிடக்கூடிய முகவரி இருக்கும். ஃபார்வர்டில் கடைசி டிராப் இல்லாவிட்டால் எல்லாமே வாசலில்தான். ஐசிஎம்பியை இங்கே அடைத்தால் பிங் நிற்பதோடு போகாது. பக்கத்துக் கணினியைக் கண்டுபிடிப்பதே ஐசிஎம்பிவி6 வழியாக என்பதால் வலையே படுத்துவிடும்.

இரவு 10 மணிக்கு மேல் தடு என்று நேர விதி வைத்தேன். மின்சாரம் போய் வந்த பிறகு கன்னாபின்னாவென்று நடக்கிறது.

கடிகாரத்தைப் பாருங்கள். சின்ன மைக்ரோடிக் பெட்டிகளில் நேரத்தைத் தாங்கி நிற்கும் பேட்டரி இல்லை. இணையத்திலிருந்து நேரம் வாங்கும் என்டிபி கிளையன்ட்டை இயக்கி, டைம்சோனைச் சரியாக வையுங்கள்.

எத்தனை விதிகள் வரை வைக்கலாம்?

ஒரு சின்ன அலுவலகத்துக்குப் பதினைந்தைத் தாண்டினால் எனக்குச் சந்தேகம் வரும். தடுக்க வேண்டிய முகவரிகள் நூறு இருந்தால் நூறு விதி எழுதாதீர்கள். அட்ரஸ் லிஸ்டில் நூறையும் போட்டு, பட்டியலைக் காட்டி ஒரே விதி எழுதுங்கள். ஒவ்வொரு விதியிலும் கமென்ட் கட்டத்தில் ஏன் எழுதினோம் என்று ஒரு வரி, தேதியோடு. எக்ஸ்போர்ட் கட்டளையால் எல்லாவற்றையும் எழுத்துக் கோப்பாக எடுத்து ரூட்டருக்கு வெளியே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பேக்அப் கோப்பு அதே பெட்டிக்குத் திரும்பப் போட மட்டுமே உகந்தது, திறந்து படிக்கவும் முடியாது.